நன்றியுடன் ஒரு ரத்துக் கடிதம்

ஹார்லன் டோர்கர்சன் மூன்றாவது பக்கத்தின் நடுவுக்கு வந்துவிட்டார். இன்னும் 'ரத்து' என்ற சொல் வந்தபாடில்லை.

திங்கட்கிழமை மத்தியானம். சமையலறை மேசையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. எதிரே ஆர்டிஸ். காலையில் தபால் நிலையம் வரை நடந்து போய் வந்தவள், முட்டி வலிக்கிறதென்று இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி வைத்திருந்தாள்.

"எது வரைக்கும் வந்திருக்கே?"

"இப்பத்தான் நாய்க்குட்டி பத்தி விசாரிச்சு முடிச்சேன். அடுத்தது விஷயந்தான்."

"யாரோட நாய்க்குட்டி?"

"கெல்சியோடது. உடம்பு சரியில்லைன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே. அதை ஒரு வார்த்தை கேக்காம, எடுத்த எடுப்பிலேயே வேண்டாம்னா எழுதறது?"

ஆர்டிஸ் காபியை ஊற்றி வைத்தாள்.

ஹார்லன் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அத்தனை வருடத்தில் ஹாரனை இரண்டே தடவைதான் அடித்திருக்கிறார். ஒன்று மானுக்கு. இன்னொன்று முழங்கை தவறிப் பட்டது. இரண்டு தடவையும் வண்டியை நிறுத்தி மன்னிப்புக் கேட்டார்.

அவர் மட்டும் என்று இல்லை. மினசோட்டாவின் இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். காபி வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவை, உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்போம். மூன்றாம் தடவை கேட்டால்தான், சரி, அரைக் கோப்பை போதும் என்போம். கேட்கிறவரும் மூன்று தடவை கேட்பார். இது தெரியாத வெளியூர்க்காரர்கள் ஒரே தடவை கேட்டுவிட்டுக் காபியைத் திருப்பி எடுத்துப் போயிருக்கிறார்கள். தெரிந்துகொண்டவர்கள் எங்கள் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள்.

கெல்சி டெக்சாஸ்காரி. ஆனால் தெரிந்துகொண்டவள்.

எல்லாம் ஒரு அட்டையில் ஆரம்பித்தது. 'வாழ்த்துகள்! ஃப்ளோரிடா கடற்கரைக்கு இருவருக்கு விமானச் சீட்டு, முற்றிலும் இலவசம். சில்வர் லூன் ஏரி விடுதிக்கு வந்து ஒன்றரை மணி நேரம் எங்கள் பேச்சைக் கேட்டால் போதும். கணவன் மனைவி இருவரும் வர வேண்டும்.'

ஆர்டிஸுக்கு அறுபத்தேழு வயது. கடலைப் பார்த்ததே கிடையாது. பத்தாயிரம் ஏரிகள் இருக்கிற மாநிலத்தில் பிறந்து, அதில் ஒரு முந்நூறையாவது பார்த்து, "அக்கரை தெரியாத தண்ணி எப்படி இருக்கும், ஹார்லன்?" என்று கல்யாணமான புதிதில் கேட்டவள். ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. ஒரு வருடம் கூரை, ஒரு வருடம் வண்டி, ஒரு வருடம் அவள் முட்டி. போன வருடம்தான் எதுவும் குறுக்கே வராமல் பயணத்துக்கென்று மூவாயிரம் டாலர் சேர்ந்தது.

அதைத்தான் ஹார்லன் சனிக்கிழமை சில்வர் லூனில் முன்பணமாகக் கட்டிவிட்டு வந்திருந்தார்.

ஒன்றரை மணி நேரம் என்றது நாலரை மணி நேரமாயிற்று. விமானச் சீட்டு ஒரு கூப்பனாக வந்தது. அதை வைத்துச் சீட்டு வாங்க வேண்டுமென்றால் அவர்கள் சொல்லும் விடுதியில் எட்டு இரவு காசு கொடுத்துத் தங்க வேண்டும். நடுவில் விடுதியின் விற்பனைப் பெண் கெல்சி, வருடத்துக்கு ஒரு வாரம் சில்வர் லூன் அறை ஒன்று அவர்களுக்குச் சொந்தமாகும் என்றாள். பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஆயுள் முழுக்க.

"வேண்டாம்மா," என்றார் ஹார்லன்.

அவள் மறுபடி கேட்டாள்.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்," என்றாள் ஆர்டிஸ்.

அவள் மூன்றாம் தடவையும் கேட்டாள். இருவருக்கும் பிறந்ததிலிருந்து பழகிய வாய். "சரி, உனக்குத் தொந்தரவு இல்லைன்னா," என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். பேனா தயாராக இருந்தது.

வீட்டுக்கு வந்துதான் எந்த வாரம் என்று பார்த்தார்கள். பிப்ரவரி இரண்டாவது வாரம். அப்போது உறைந்து கிடக்கும் அந்த ஏரியின் மேல் லாரியே ஓட்டலாம்.

"ஏரியைப் பார்த்த அறைன்னு சொன்னாளே," என்றார் ஹார்லன்.

"பார்க்கலாமே. எல்லாம் வெள்ளையா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய் வந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தைப் படித்தவள் ஆர்டிஸ்தான். "இருபத்தேழாம் பக்கத்துல இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேண்டாம்னு எழுதிக் குடுத்தா ரத்து. முன்பணம் முழுசா திரும்பும். ரெண்டு பேர்ல ஒருத்தர் எழுதினாலே போதுமாம்."

"நான் எழுதறேன்," என்றார் ஹார்லன். "வண்டியை ஓட்டிட்டுப் போனவன் நான். உன் கடலைத் தொலைச்சவனும் நான். நானே சரி பண்றேன்."

அப்படிச் சொன்னவர்தான் இப்போது நாய்க்குட்டியில் நின்றுகொண்டிருந்தார்.

நாலாவது பக்கத்தில் ஒருவழியாக விஷயம் வந்தது. 'உங்களுக்குச் சௌகரியப்பட்டால், யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லையென்றால், எங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாலும் நாங்கள் ஒன்றும் தவறாக நினைக்க மாட்டோம்.' அதற்குக் கீழே மறுபடி நன்றி.

ஆர்டிஸிடம் படித்துக் காட்டினார். "கொஞ்சம் கடுமையா இருக்கோ?"

"அப்படி ஒண்ணும் இல்லை," என்றாள் ஆர்டிஸ்.

தபால் நிலையத்தில் லவோன் இருந்தாள். ஊரில் தபால் நிலையம் ஒன்று, அதில் ஆள் ஒன்று. ஹார்லனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். முகவரியைப் பார்த்ததும், "இன்னொண்ணா?" என்றாள்.

"இன்னொண்ணுன்னு என்ன, கடுதாசிதான்," என்றார் ஹார்லன்.

லவோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். "பதிவுத் தபால்ல போடட்டுமா? அவங்க கையெழுத்துப் போட்டு வாங்கின அத்தாட்சி அட்டை உன் கைக்குத் திரும்பி வரும்."

"ஐயையோ வேண்டாம். அவங்களை நம்பாத மாதிரி ஆயிடும்."

புதன்கிழமை காலை கெல்சி கூப்பிட்டாள்.

"ஹார்லன்! உங்க கடிதம் வந்துச்சு. காலைக் கூட்டத்துல எல்லாருக்கும் சத்தமா படிச்சோம். எங்க மேனேஜர் கண்ணு கலங்கிட்டாரு. பதினாறு வருஷத்துல இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லையாம். முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில மாட்டியாச்சு!"

"முதல் பக்கத்தையா?" என்றார் ஹார்லன். "அது வந்து, நாலாவது பக்கம்..."

"எல்லாப் பக்கமும் அருமை! நாய்க்குட்டி நல்லா இருக்கு. உங்களுக்கு ஒரு சின்ன அன்பளிப்பு அனுப்பியிருக்கோம்."

ஹார்லன் சந்தோஷம் என்றார். வேறென்ன சொல்வது?

மத்தியானம் அன்பளிப்பு வந்தது. ஒரு பெரிய தகர டப்பா நிறையக் கேரமல் பாப்கார்ன். மூடியில் பறவைப் படம்.

"திருப்பி அனுப்பிடு," என்றாள் ஆர்டிஸ். "'வேண்டாம்'னு ஒரு சீட்டு எழுதி உள்ள போட்டு."

"தின்னாம திருப்பி அனுப்பினா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காதா?"

ஆகவே தின்றார்கள். தின்ற பிறகு டப்பா காலியாயிற்று. இப்போதுதான் உண்மையான சங்கடம் தொடங்கியது. அடுத்தவர் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இந்த ஊரில் கிடையாது. சாவு வீட்டுக்கு வந்த பாத்திரங்கூட அடுத்த வாரம் எதையாவது சுமந்துகொண்டுதான் திரும்பிப் போகும்.

"ருபார்ப் தண்டு போட்டுச் சுடுவியே, அந்த இனிப்புத் துண்டு பண்ணிக் குடுத்துடேன். உன் கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்?" என்றார் ஹார்லன்.

ஆர்டிஸ் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ஹார்லன், இந்த விஷயத்துக்கு நீ இவ்வளவு சிரமப்படணுமான்னு எனக்குத் தோணுது."

"சிரமம் என்ன சிரமம்? உனக்காகத்தானே பண்றேன்."

அவள் வாயைத் திறந்தாள். அவர் முகத்தில் இருந்த ஆர்வத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு மாவை எடுக்கப் போனாள்.

டப்பாவுக்குள் இருபத்துநாலு ருபார்ப் துண்டுகள். மேலே இரண்டாவது கடிதம். இந்தத் தடவை இரண்டே பக்கம். ஹார்லனுக்கே அது கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பட்டது. லவோன் டப்பாவை அவசரத் தபாலுக்கு வாங்கி எடை போட்டாள். மோந்து பார்த்தாள்.

"ஆர்டிஸ் ருபார்ப் துண்டா? அவங்களுக்கா?"

"ரத்து பண்றதுக்கு."

லவோன் ஏதோ சொல்ல வந்தாள். பிறகு டேப்பை எடுத்து, தேவைக்கு மேலேயே நாலு சுற்றுச் சுற்றினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மறுபடி போன். இந்தத் தடவை மேனேஜரே. துண்டுகள் பிரமாதமாம். செய்முறை கிடைக்குமாவென்று கேட்டார். கடிதத்தைப் பற்றி ஹார்லன் மெல்ல விசாரித்தார். அது வெண்ணெயில் ஊறிப்போய் எழுத்தே தெரியவில்லையாம். "என்ன எழுதியிருந்தாலும் உங்க மனசு எங்களுக்குத் தெரியும்," என்றார் மேனேஜர்.

ஹார்லன் செய்முறையைச் சொன்னார். மேனேஜர் எழுதிக்கொண்டார்.

இனி அரசாங்கந்தான் கதி என்று, செயின்ட் பாலில் இருக்கும் நுகர்வோர் புகார் அலுவலகத்துக்குப் போன் போட்டார். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் அதிகாரி வந்தாள்.

"உங்க புகார் என்ன சார்?"

"புகார்னு சொல்ல முடியாதும்மா. ஒரு சின்ன சமாச்சாரம்."

"உங்களை ஏமாத்திட்டாங்களா?"

"ஏமாத்தறதுன்னா... அது பெரிய வார்த்தை இல்லையா?"

"சரி. ஊழியர்கள் உங்களை எப்படி நடத்தினாங்க?"

"அதெல்லாம் ஒரு குறையும் சொல்ல முடியாது. ரொம்ப நல்ல பொண்ணு. நாய்க்குட்டி வச்சிருக்கு."

மறுமுனையில் தட்டச்சு நின்றது. "சார், இது புகார் அலுவலகம். இந்த விடுதியைப் பத்தி இந்த மாசம் மட்டும் நாற்பத்தோரு பேர் கத்தியிருக்காங்க. ஒருத்தர் அழுதாரு. நீங்க சொல்றதை நான் எதுல பதியறது? ஒரே கேள்வி கேக்கறேன். உங்களுக்குத் திருப்தியா, இல்லையா?"

ஹார்லன் யோசித்தார். மறுமுனையில் ஒரு பெண், பாவம், காலையிலிருந்து கத்தலையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளிடம் தானும் ஒரு கத்தலா?

"அவ்வளவு மோசமில்லை," என்றார்.

"ரொம்ப நன்றி சார். 'புகார் இல்லை'ன்னு பதிஞ்சுக்கறேன்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஹார்லன் உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டே இருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாகத்தான் இருந்தது. இதை அவருக்கு எந்த மொழியில் சொன்னாலும் ஒப்புக்கொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். "நேர்லயே போறேன், ஆர்டிஸ். இன்னிக்குத்தான் கடைசி நாள். மூஞ்சிக்கு நேரா, நறுக்குன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

ஆர்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். "போயே ஆகணும்னு இல்லை, ஹார்லன். எனக்கென்னமோ அது தன்னால சரியாயிடும்னு தோணுது."

"தன்னால எப்படிச் சரியாகும்?"

"சரியாகலாம். சரியாகியிருக்கவும் கூடும். யாரு கண்டா?" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இதைவிட வெளிப்படையாக ஆர்டிஸ் எதையும் தன் ஆயுளில் சொன்னதில்லை.

கடலையே விட்டுக்கொடுத்துவிட்டாள், என் மனது நோகக் கூடாதென்று மழுப்புகிறாள் என்று ஹார்லன் நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். எழுபது மைலும் "வேண்டாம், வேண்டாம்" என்று ஸ்டியரிங்கிடம் சொல்லிப் பழகிக்கொண்டே போனார்.

சில்வர் லூன் வரவேற்பறையில் அவருடைய முதல் பக்கம் தங்க நிறச் சட்டத்துக்குள் தொங்கியது. அதன் கீழே நின்று ஒரு இளம் ஜோடி படித்துக்கொண்டிருந்தது. "பாரேன், எவ்வளவு ஆசையா எழுதியிருக்காரு," என்றாள் அந்தப் பெண். பேனா எங்கே என்று அவள் புருஷன் தேடினான். ஹார்லன் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனார்.

கெல்சி ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"கெல்சி," என்றார் ஹார்லன். மூச்சை இழுத்துக்கொண்டார். "அந்த ஏரி வாரம். எங்களுக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டார்.

கெல்சி கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். திரையை ஒரு நிமிடம் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கவலையே படாதீங்க. அந்தப் பிப்ரவரி வாரம் உங்க தலையில இருக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

"நெஜமாவா? அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆமா, ஆர்டிஸுக்குக் கடல்னா ஆசைன்னு அன்னிக்குச் சொன்னீங்களே? எங்களுக்கு ஃப்ளோரிடாவுல ஒரு இடம் இருக்கு. ஜன்னலைத் திறந்தா கடல். ஜனவரி கடைசி வாரம். ஏரியை விட்டுட்டுக் கடலை எடுத்துக்கறீங்களா?"

"வேண்டாம்மா," என்றார் ஹார்லன்.

"அலைச் சத்தம் அறைக்குள்ளேயே கேக்கும்."

"உனக்கு எதுக்கும்மா சிரமம்."

கெல்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆர்டிஸ் முகத்தை நெனைச்சுப் பாருங்க. எடுத்துக்கறீங்களா?"

ஹார்லன் நினைத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற அந்த முதுகை நினைத்துப் பார்த்தார். "உனக்குத் தொந்தரவு இல்லைன்னா," என்றார்.

"கொஞ்சமா ஒரு தொகை மட்டும் கட்டணும். நாலாயிரம்."

"ஏற்கெனவே கட்டின மூவாயிரம்?"

"அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத் தானா போய்ச் சேர்ந்துடும்."

"போன தடவை ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்னியே?"

"அது புதுசா வர்றவங்களுக்கு. நீங்க எங்க வீட்டு மனுஷராச்சே!"

ஹார்லன் கையெழுத்துப் போட்டார். கூரைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கணக்கிலிருந்து காசோலை எழுதினார். கெல்சி வாசல் வரை வந்து கையசைத்தாள். நாய்க்குட்டியை விசாரித்ததற்கு மறுபடி நன்றி சொன்னாள்.

திரும்பி வரும் எழுபது மைலும் அவர் பாடிக்கொண்டே வந்தார். நாற்பத்துநாலு வருடம்! நாற்பத்துநாலு வருடம் கழித்து ஆர்டிஸ் கடலைப் பார்க்கப்போகிறாள். அதுவும் அவர் வாயைத் திறந்து, மூஞ்சிக்கு நேராக 'வேண்டாம்' என்று சொல்லிச் சம்பாதித்த கடல். ஊர் எல்லையில் ஒரு அணில் குறுக்கே ஓடியது. ஹார்லன் ஹாரன் அடித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் தபால் நிலையத்தில் நிறுத்தினார். மூடுவதற்குப் பத்து நிமிடம் இருந்தது. இந்த வாரம் முழுக்கத் தன் தோல்வியை எடை போட்டு வாங்கியவள் லவோன். அவளிடம் சொல்லாமல் எப்படி?

"லவோன்! முடிஞ்சுது! நேர்லயே போய்ச் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"வேண்டாம்னு. அப்படியே மூஞ்சிக்கு நேரா. அந்த ஏரியை அவங்க கையிலேயே திருப்பிக் குடுத்துட்டு, அதுக்குப் பதிலா கடலை மாத்திட்டு வந்திருக்கேன். ஜன்னலைத் திறந்தா கடல்! மேல ஒரு நாலாயிரந்தான். இதோ பாரு பத்திரம்."

லவோன் பத்திரத்தை வாங்கிப் பார்த்தாள். முதல் பக்கம், கடைசிப் பக்கம், கையெழுத்து, தேதி. பிறகு பின்னாலிருந்த டோர்கர்சன் குடும்பத்துப் பெட்டியில் கையை விட்டு, சின்னதாக ஒரு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பதிவுத் தபால் அத்தாட்சி அட்டை. சில்வர் லூன் முத்திரை. கீழே புதன்கிழமை தேதியிட்டு யாரோ கிறுக்கிய கையெழுத்து.

"எனக்கா? நான்தான் பதிவுத் தபால் வேண்டாம்னேனே," என்றார் ஹார்லன்.

லவோன் கண்ணாடியைக் கழற்றினாள். "ஆர்டிஸ் திங்கட்கிழமை காலையிலேயே 'வேண்டாம்'னு ஒத்தை வார்த்தை எழுதி அனுப்பி, 'அவன் ஆசை ஆசையா எழுதிட்டிருக்கான், மனசு நொந்துடும், சொல்லிடாதே'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனா, ஏரிதான் புதன்கிழமையே கை விட்டுப் போயிடுச்சே, ஹார்லன், இன்னிக்கு நீ எதைக் குடுத்து இந்தக் கடலை மாத்திட்டு வந்தே?"